ஜமீலா டீச்சருக்கு நான் தேவைப்பட்ட காலம்

இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரே சந்தேகத்தைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் கேட்கிறீர்கள். ஒரு பள்ளிக்குப் போகிறோம். ஆசிரியர் தன் வகுப்பில் இருக்கும் சிக்கலைச் சொல்கிறார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நமக்கு விடை தெரிந்துவிடுகிறது. அதைச் சொல்லலாமா, கூடாதா? சொன்னால் அடுத்த முறையும் நம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். சொல்லாவிட்டால் இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொள்வார். இரண்டுக்கும் நடுவில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு இன்றைக்கும் தெரியாது. செஞ்சியில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். அதைச் சொல்வதில் எனக்கும் ஒரு சுயநலம் இருக்கிறது. ஜமீலா டீச்சரின் பெயரை வாய்விட்டுச் சொல்லி வெகு காலமாகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பள்ளிகளில் சத்துணவு வந்த புதிது. அதுவரை ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரே அறையில் இரண்டு வகுப்பு, ஒரே ஆசிரியர், பழகாத பிள்ளைகள். நான் ஒரு பயிற்சி நிறுவனத்தில் உளவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னைச் செஞ்சி வட்டாரப் பள்ளிகளுக்கு ஆலோசகராக அனுப்பினார்கள். அப்படி ஒரு பதவி அதற்கு முன் கிடையாது. செய்து பார்ப்போமே என்று தொடங்கியதுதான். நான் ஆய்வு செய்து குறை எழுதக் கூடாது. பாடம் நடத்திக் காட்டவும் கூடாது. வகுப்பில் ஒரு சிக்கல் வந்தால் அதைப் பிரித்துப் பார்த்து, வழிகளை யோசித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செய்து பார்க்க ஆசிரியருக்குப் பழக்கம் ஏற்படுத்த வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

கிளம்பும்போது என் துறைத் தலைவி சொன்ன ஒன்று மட்டும் கூடவே வந்தது. "விடையைச் சொன்ன நிமிஷத்துலேர்ந்து அந்தப் பிரச்சினை உன்னோடதாயிடும்மா. வாரத்துக்கு ஒரு நாள் போற நீ அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?" சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கோப்புகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறை பிடித்துத் தங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு பள்ளி. புதன்கிழமைப் பள்ளி அனந்தபுரத்துக்குப் போகும் வழியில் ஒரு சின்ன கிராமத்தில் இருந்தது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். முதல் புதன்கிழமை பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்தான் ஜமீலா டீச்சர். அப்போது எனக்கு அது தெரியாது. முப்பத்தைந்து வயதிருக்கும். முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டிருந்தார். மடியில் ஒரு குடை, டிபன் டப்பா. ஊர் எல்லை தாண்டி இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள் வந்ததும் முந்தானை தானாகத் தோளில் இறங்கியது. எந்தப் பள்ளிக்கூடம் போகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார். அதையும் என்னால் முடிந்தவரை விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இன்ஸ்பெக்டரும் இல்ல. பாடமும் நடத்த மாட்டீங்க. இன்னா பண்றதுன்னும் சொல்ல மாட்டீங்க" என்றார். "அப்ப எதுக்கு மேடம் பஸ்ஸேறி வர்றீங்க?"

கிண்டலே இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

அவருடைய குடும்பம் பல தலைமுறையாகச் செஞ்சியில் இருப்பது. அப்பா கலப்பைக் கொழுவும் கடப்பாரையும் விற்ற கடைக்காரர். கணவர் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். அவர்கள் தெருவிலிருந்து வேலைக்குப் போன முதல் பெண் இவர்தான். ஐந்தாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் அவர் பொறுப்பு. நன்றாகப் பாடம் நடத்துவார். பிள்ளைகளுக்கு அவரிடம் பயம் உண்டு. அவரை விட்டு நகரவும் மாட்டார்கள்.

இரண்டு மூன்று வாரம் ஊர்க்கதை பேசினோம். அதற்குப் பிறகு ஒரு நாள், பஸ் கிளம்பியதுமே, அஞ்சலையைப் பற்றிச் சொன்னார்.

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பெண். வாயால் எதைக் கேட்டாலும் பதில் சொல்வாள். வாய்ப்பாடு, மனக்கணக்கு, செய்யுள் எல்லாம் வரும். எழுதச் சொன்னால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிடுவாள். பள்ளி திறந்ததிலிருந்து ஒரு வரி எழுதவில்லை. டீச்சர் மிரட்டிப் பார்த்திருக்கிறார், கொஞ்சிப் பார்த்திருக்கிறார். ஸ்கேலால் கைமுட்டியில் அடித்தும் பார்த்துவிட்டார். பென்சில் இல்லையோ என்று தானே ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதையும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு கம்மென்று உட்கார்ந்துவிட்டாளாம்.

"அரையாண்டுப் பரீட்சை வருது மேடம். வெறுந்தாளைக் குடுத்தான்னா நாலாவதுக்கு எறக்கிடுவேன்னு எச்செம் சாரு சொல்றாரு. எறக்குனா அவங்க நைனா அதோட நிறுத்திப்புடுவாரு. அந்தப் பொண்ணு படிக்கிற பொண்ணு மேடம்."

எனக்கு விடை உடனே தெரிந்தது. நான் பாடமாக நடத்தியதுதான். தப்பாக எழுதிவிடுவோமோ, பிறர் சிரிப்பார்களோ என்று அஞ்சும் குழந்தை. வாய்ச்சொல் காற்றோடு போய்விடும், எழுத்து நிற்கும், அதனால் எழுத்தைத் தவிர்க்கும். அடித்ததில் பயம் கூடியிருக்கும். அடிப்பதை நிறுத்துங்கள், தனியாக உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடிக்க வேண்டாம் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டேன். மற்றதை விழுங்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டேன். அவள் எப்போதுமே எழுதுவதில்லையா?

அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன் என்றார் டீச்சர்.

எங்கேயாவது, எப்போதாவது, எதிலாவது எழுதியதுண்டா என்று மறுபடி கேட்டேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த அம்மாவிடம் போய்ச் சொன்னோமே என்று நினைத்திருக்கலாம்.

அடுத்த புதன்கிழமை எனக்கு முன்னால் வந்து சன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தார். நான் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டார். அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு அஞ்சலையைக் கவனித்திருக்கிறார். கரும்பலகையில் கூப்பிட்டு எழுதச் சொன்னால் எழுதுகிறாள். வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, நீளமான கணக்கு ஒன்றைத் தடங்கலில்லாமல் போட்டுவிட்டாள். இடைவேளையில் பாண்டி ஆடக் கட்டம் கிழித்து, கட்டத்துக்குள் எண்களைக் கரித்துண்டால் எழுதியதே அவள்தான்.

என் விடை அந்த நிமிடமே செத்தது. எல்லார் கண் முன்னாலும் பலகையில் எழுதுகிற பிள்ளைக்கு எழுத்தின் மேல் என்ன பயம் இருக்க முடியும்? போன வாரம் நான் அதைச் சொல்லியிருந்தால் இந்த ஒரு வாரத்தில் டீச்சர் அவளைத் தனியாக உட்காரவைத்து இன்னும் மிரள வைத்திருப்பார். என்மேல் இருந்த மரியாதையால் கேள்வி கேட்காமல் செய்திருப்பார். இதை உங்களிடம் குறிப்பாகச் சொல்கிறேன். நமக்குப் பட்டென்று தெரிகிற விடை எப்போதோ வேறொரு குழந்தைக்குப் பொருந்தியது. இந்தக் குழந்தையை நாம் இன்னும் பார்க்கவே இல்லை.

டீச்சர் நான் யோசிப்பதற்குக் காத்திருக்கவில்லை. கையில் ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டே போனார். கணக்கு தெரியுது. கையில கோளாறு இல்ல. கூச்சம் இல்ல. சாக்பீஸுன்னா எழுதுறா, கரின்னா எழுதுறா. பிறகு மடக்கிய விரலை விடாமல் என்னைப் பார்த்தார்.

"அப்ப அவளுக்கு எழுத்தோட சண்டையில்ல. பென்சிலோடதான் சண்டை."

அன்று மதியம் சாப்பாட்டு மணிக்குப் பிறகு டீச்சர் அஞ்சலையை மேசைக்கு அழைத்தார். நான் கடைசி வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சின்னப் பெண், மெலிந்த கைகள், பெரிய ரவிக்கையை ஊக்கால் பிடித்துப் போட்டிருந்தாள். ஏன் எழுதவில்லை என்று டீச்சர் கேட்கவில்லை. அதை எத்தனையோ தடவை கேட்டாயிற்று. உன் பென்சிலை எடுத்து வா, பார்க்கலாம் என்றார்.

பையின் அடியிலிருந்து ஒரு துணி முடிச்சு வந்தது. அவிழ்த்தால் இரண்டு பென்சில்கள். ஒன்று அப்பா வாங்கிக் கொடுத்தது, இன்னொன்று டீச்சர் கொடுத்தது. இரண்டும் கடையிலிருந்து வந்தபடியே இருந்தன. முனை சீவவே இல்லை.

ஏன் சீவவில்லை என்று டீச்சர் கேட்டார். குரலை அவ்வளவு தணித்து அவர் பேசி நான் கேட்டதில்லை.

"தீந்துடும் டீச்சர்."

"தீந்தா இன்னா? வேற வாங்கிக்கலாம்."

அவள் இல்லையென்று தலையாட்டினாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இந்தப் பென்சிலு தீர்ற வரைக்கும் பள்ளிக்கூடம் போ, அப்பறம் ஊட்டப் பாத்துக்கன்னு நைனா சொல்லிச்சு."

டீச்சர் எழுந்து பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏற்கெனவே துடைத்திருந்த பலகையை அழிப்பானால் மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அஞ்சலை பென்சில்களைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டாள். பள்ளியை விட்டுப் போகக் கூடாது என்பதற்காக ஒரு குழந்தை அரை வருடம் எழுதாமல் இருந்திருக்கிறது. அதற்காக அடியும் வாங்கியிருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டீச்சர் முதல் முறையாக நேரடியாகக் கேட்டார். இப்போது என்ன செய்வது, சொல்லுங்கள் என்றார். பரீட்சைக்கு அதிக நாள் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அப்போதே இறங்கி ஒரு பெட்டி பென்சில் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் இன்னொரு பென்சில் கொடுத்தபோது என்ன நடந்தது என்று பார்த்தோமே. பெட்டியாகக் கொடுத்தால் பெட்டியையும் துணியில் முடிந்துதான் வைப்பாள். உங்களுக்கு என்னென்ன தோன்றுகிறது என்று கேட்டேன்.

"இந்த நேரத்துலயும் என்னையேதான் கேப்பீங்களா?" என்றார். செஞ்சியில் இறங்கும்போது போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

புத்தகங்களில் இந்த இடம் வராது. அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஒருவர் உங்களிடம் கை நீட்டும்போது நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்பதை யாரும் எழுதுவதில்லை. அன்று நான் கல்நெஞ்சுக்காரி போலத்தான் தெரிந்திருப்பேன். செய்தது சரியா என்று எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. நான் போக வேண்டிய பள்ளி வேறு திசையில் இருந்தது. ஆனாலும் காலையில் அனந்தபுரம் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றேன். ஜமீலா டீச்சர் ஏறி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சற்று நகர்ந்து இடம் விட்டார். வண்டி கிளம்பி முந்தானை தோளில் இறங்கியதும் பேசினார்.

"ராத்திரியெல்லாம் உங்களைத்தான் திட்டிக்கினு இருந்தேன் மேடம். திட்டிக்கினே யோசிச்சேன். தோணுனதைச் சொல்றேன், கேளுங்க."

நிறைய யோசித்திருந்தார். பள்ளிப் பென்சில் என்று ஒன்றை அலமாரியில் வைத்துவிடலாம். காலையில் கொடுத்து மாலையில் வாங்கிக்கொண்டால் அது அஞ்சலையுடையது இல்லை, தீர்ந்தாலும் கணக்கில் வராது. பரீட்சை எழுதிவிடுவாள். ஆனால் அப்பா சொன்ன சொல் அப்படியேதான் இருக்கும். தலைமையாசிரியரைவிட்டுப் பேசச் சொல்லலாம். அவர் பேசினால் அந்த மனிதர் பணிந்து சரி என்பார், பிறகு தன் இஷ்டப்படி செய்வார். தன் கணவரை அனுப்பலாம், அது சரிவராது. கடைசியில், வீட்டுக்கே போய், அந்தச் சொல்லை அவர் எதனால் சொன்னார் என்று கேட்டுப் பார்க்கலாம். மற்ற எதைச் செய்வதென்றாலும் அது தெரியாமல் முடியாது என்றார். பரீட்சைக்குப் பள்ளிப் பென்சில், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போவது என்று அவரே முடிவு செய்தார். நீங்களும் வர வேண்டும், ஆனால் உங்கள் வாயை மூடிக்கொண்டு வாருங்கள் என்றார். முந்தின நாள்தான் அதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அஞ்சலையின் வீடு ஏரிக்கரைக்கு அப்பால் இருந்தது. நிலமில்லாத குடும்பங்களின் தெரு. அவள் அப்பா ஏழுமலை கல் உடைக்கும் வேலைக்குப் போகிறவர். அன்று வேலையில்லை, மழையில் கரைந்த சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து பதறினார், பொண்ணு ஏதாவது தப்பு பண்ணிவிட்டாளா என்று. அஞ்சலை இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். இன்னும் சரியாக நடக்காத வயது அவனுக்கு.

டீச்சர் நடந்ததைச் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை, ஒரு செய்தியைப் போலச் சொன்னார். ஏழுமலைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். அப்படிச் சொன்ன ஞாபகமே அவருக்கு இல்லை. பென்சில் வேண்டுமென்று ஒரு நாள் பின்னாலேயே வந்து நச்சரித்திருப்பாள், ஏதோ சொல்லியிருப்பேன் என்றார். சிரித்துக்கொண்டே மகளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் முகத்திலும் சிரிப்பு நின்றுபோனது.

"வெளாட்டுக்குச் சொன்னது டீச்சரம்மா" என்றார். கழுவியும் நகக்கண்ணில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்து உதிர்த்துக்கொண்டிருந்தார். "பொய் சொல்லக் கூடாது. இந்த வருசத்தோட நிறுத்தலாம்னுதான் இருந்தேன். அவ ஆத்தா களையெடுக்கப் போனா இந்தப் புள்ளையை யாரு பாக்கறது?"

பிறகு என் பக்கம் திரும்பினார். அதுவரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கைக்கடிகாரமும் தோல்பையுமாக நின்றவள் நான்தானே. "பெரியம்மா, நீங்க சொல்லுங்க. நிறுத்தக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நிறுத்தல."

இந்த வேலையில் இருந்த காலமெல்லாம் சேர்த்தாலும் அதைவிடக் கடினமான ஒரு நிமிடம் எனக்கு இல்லை. ஒரே வார்த்தை. அவர் தலையாட்டிவிடுவார். அஞ்சலை கேட்டுக்கொண்டு நிற்கிறாள். ஆனால் மறுநாள் காலையில் அவர் மனைவி களைக்குப் போகும்போது அந்தப் பிள்ளையை யாரிடம் விடுவார்கள்? என் வார்த்தையிடமா? அதிகாரிகளிடம் சொல்லப்படும் "சரிங்கம்மா" எத்தனை நாள் தாங்கும் என்று அந்த ஊர்களில் நான் பார்த்திருந்தேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டீச்சரும் பேசாமல் இருந்து, அவர் முடியாது என்று முடித்திருந்தால், நான் வாயைத் திறந்துதான் இருப்பேன். நம் முறையைக் காப்பாற்றுவதற்காக ஒரு குழந்தையைப் பணயம் வைக்கக் கூடாது. அந்த எல்லையை மனத்துக்குள் போட்டுக்கொண்டுதான் பேசாமல் நின்றேன். டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் ஏழுமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"நாள் பூராவுமா கஷ்டம், ஏழுமலை? இல்ல எந்த நேரம்?"

அவர் யோசித்தார். மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார். களையெடுப்பு காலையில் போனால் உச்சிப்பொழுதுக்கு முடிந்துவிடும். மதியத்துக்கு மேல் அம்மா வீட்டில்தான். அப்படியானால் காலை மட்டும்தான். அதுவும் களை, அறுப்பு உள்ள நாட்களில் மட்டும்தான். ஒரு வருடப் படிப்பைத் தடுக்க இருந்த பெரிய கல், பேசப் பேசச் சில காலைவேளைகளாகச் சுருங்கியது. அதை ஏழுமலையே கண்டுபிடித்தார். சொல்லும்போது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்ப அந்தக் காலையில மட்டும் தம்பியை இட்டுக்கினு வரட்டும். என் கிளாஸ்ல இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

தலைமையாசிரியர் சும்மா இருப்பாரா என்று ஏழுமலை தயங்கினார். அது தன் பாடு என்றார் டீச்சர். ஆறாவது படிக்க அனந்தபுரம் போக வேண்டுமே என்று அந்த அம்மா உள்ளேயிருந்து கேட்டார். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, அப்போது மறுபடி வந்து உட்கார்ந்து பேசுவேன் என்றார் டீச்சர். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட அவர் ஆசைப்படவில்லை. எனக்கு அந்த நிதானம் அந்த வயதில் கிடையாது.

தலைமையாசிரியர் சத்தம் போடத்தான் செய்தார். பள்ளிக்கூடமா, பிள்ளைத் தொட்டிலா என்று கேட்டாராம். டீச்சர் எதிர்த்துப் பேசவில்லை. அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று விசாரித்திருக்கிறார். பிள்ளை அழுதால் மற்ற வகுப்பு கெடும், ஆய்வுக்கு யாராவது வந்தால் பதில் சொல்ல முடியாது, இரண்டும்தான் அவர் கவலை. அழுதால் உடனே வெளியே தூக்கிப்போவது, ஆய்வு நாளில் சத்துணவு ஆயாவிடம் விடுவது என்று அவரையே சொல்லவைத்து ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார். அடுத்த புதன்கிழமை நான் போனபோது அந்தப் பையன் புத்தகப் பைகளின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அஞ்சலை எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருந்தது, வெகு நாள் பழக்கம் விட்டுப்போனது அல்லவா. அரையாண்டுப் பரீட்சையில் எல்லாத் தாளும் எழுதினாள். அடுத்த ஆண்டு அனந்தபுரம் போனாள். பத்தாவது வரை படித்தாள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைத்தான் நான் இன்றும் ஏங்கி நினைக்கிறேன். புதன்கிழமை என்றால் விடியும்போதே மனம் சுறுசுறுப்பாகிவிடும். ஜமீலா டீச்சர் ஒவ்வொரு வாரமும் ஏதாவது கொண்டுவருவார். சண்டைக்காரப் பையன், அடிக்கடி காணாமல் போகும் சிலேட்டுகள், மதியம் தூங்கிவிடும் நான்காம் வகுப்பு. பேசிப் பேசி ஒன்றைப் பிரித்துப்போடுவோம். நான் கேட்க, அவர் மறுக்க, மறுபடி கேட்க, திடீரென்று குடையால் முன் இருக்கையைத் தட்டுவார், பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார். இரண்டு பேர் ஒரே விஷயத்தின் மேல் குனிந்து யோசிப்பதில் ஒரு நெருக்கம் இருக்கிறது. சினேகிதம் என்று சொன்னால் அதில் பாதிதான் வருகிறது. எனக்குத் திருமணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், நல்ல நண்பர்களும் இருந்தார்கள். அந்த நெருக்கம் மறுபடி கிடைக்கவில்லை.

பிறகு அவர் கொண்டுவரும் பிரச்சினைகள் குறையத் தொடங்கின. முதலில், தீர்க்காத பிரச்சினையைக் கொண்டுவந்தார். பிறகு பாதி தீர்த்ததைக் கொண்டுவந்தார். பிறகு தீர்த்து முடித்ததைக் கதையாகச் சொன்னார். ஒரு புதன்கிழமை இந்த வாரம் ஒன்றும் இல்லை மேடம் என்று சொல்லிவிட்டுத் தன் மகளுக்கு வரன் வந்திருப்பதைப் பற்றிப் பேசினார். நான் சந்தோஷப்பட வேண்டும், இதற்காகத்தானே என்னை அனுப்பினார்கள். சந்தோஷப்படவும் செய்தேன். அன்று மாலை அறைக்கு வந்து, ஏதாவது ஒன்று இருந்திருக்கலாமே என்று நினைத்ததும் உண்மை. நமது வேலை நல்லபடி நடந்தால் நாம் யாருக்கும் தேவைப்பட மாட்டோம். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

என்னைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் உத்தரவு வந்தது. அந்தப் பள்ளிக்கு நான் போன கடைசிப் புதன்கிழமை டீச்சருடன் பஸ்ஸில் போகவில்லை. செஞ்சியில் அறையைக் காலி செய்யும் வேலை இருந்ததால் மதியத்துக்கு மேல்தான் போனேன், விடைபெற்றுவரத்தான். பள்ளி விட்டிருந்தது. ஐந்தாம் வகுப்பு அறையிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. வராந்தாவிலேயே நின்றுவிட்டேன்.

உள்ளே ஜமீலா டீச்சரும், பணியில் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஓர் இளம் டீச்சரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தார். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அவரைக் கண்டாலே ஓடிவிடுகிறானாம். தனக்கு இந்த வேலை வராது, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றார். ஜமீலா டீச்சர் அவசரப்படவில்லை. அழுது முடிக்கட்டும் என்று இருந்தார். பிறகு கேட்டார்.

"அவன் ஓடாத நாள் ஏதாச்சும் இருக்குதாம்மா? யோசிச்சுச் சொல்லு. எனக்கொண்ணும் அவசரமில்ல, அடுத்த பஸ்ல போய்க்கறேன்."

நான் அவரிடம் கேட்ட கேள்விதான். ஆனால் நான் அப்படிக் கேட்டதில்லை. கடைசியில் அந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ள எனக்குத் தோன்றியதே இல்லை.

உள்ளே போயிருந்தால் இருவரும் எழுந்திருப்பார்கள். அந்த இளம் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் என்னிடம் முதலிலிருந்து சொல்லத் தொடங்கியிருப்பார். ஜமீலா டீச்சர் மரியாதைக்காக ஒதுங்கிக்கொண்டிருப்பார். நான் போகவில்லை. விடைபெறவும் இல்லை. அவர் குடும்பம் பிறகு ஆரணிப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்திருக்கலாம். பார்த்து என்ன கேட்பது என்று தெரியாமலே வருடங்கள் ஓடிவிட்டன.

உங்களுக்கும் அப்படி ஒரு மதியம் வரும். வர வேண்டும் என்று விரும்புகிறேன். கதவுக்கு வெளியே நின்று நீங்கள் கேட்பீர்கள், உள்ளே உங்களைத் தவிர எல்லாம் இருக்கும். அப்போது தயவுசெய்து உள்ளே போகாதீர்கள். உடனே கிளம்பியும் வந்துவிடாதீர்கள். நான் வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு, அந்தப் பெண் யோசித்து யோசித்துப் பதில் சொல்லத் தொடங்கியதைக் கேட்டேன். சாலையில் செஞ்சி பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. நான் நகரவில்லை.